பால் கெட்டதா, ஃப்ரிட்ஜ் கெட்டதா? ஒரு டேட்டா லாகரோடு 5 மாதம்

ஒரே மாதத்தில் 3 முறை பால் திரிந்துபோனது. மூன்று முறையும் பாட்டிலில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. வேறு நிறுவனத்தின் பாலுக்கு மாறிவிடலாம் என்றாள் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. துறைமுகத்தில் ரீஃபர் கண்டெய்னர்களைக் கவனிக்கும் வேலையில் 11 ஆண்டு இருந்தவன் நான். ரீஃபர் என்றால் குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய கண்டெய்னர். அங்கே சரக்கு கெட்டு வந்தால் எடுத்த எடுப்பில் சரக்கைக் குறை சொல்ல மாட்டோம். "லாகரை எடு, பார்ப்போம்" என்பதுதான் முதல் பேச்சு. சரக்கோடு சரக்காகப் பயணம் செய்து, வழி நெடுக வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வரும் சின்னப் பெட்டி அது. அதைப் படித்தால் எந்த நாள், எத்தனை மணிக்குச் சூடு ஏறியது என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். 5 மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதிரி லாகர்களைப் பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில் விற்கின்றன. அதனால் பெயரைவிட, எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, சின்னத் திரை, ஒரே ஒரு பட்டன். உள்ளே ஒரு சென்சார். வெளியே ஒரு மீட்டர் நீள ஒயரின் நுனியில் இன்னொரு சென்சார். ஒயர் மெல்லியதாக இருப்பதால் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்கு நடுவே நுழைந்தாலும் கதவு ஒழுங்காக மூடுகிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். கணினியில் யுஎஸ்பி வழியாகச் செருகினால் வரைபடத்தோடு ஒரு பிடிஎஃப் கோப்பை அதுவே தயாரித்துக் கொடுக்கிறது. தனியாக மென்பொருள் எதுவும் வேண்டாம். இது பெரிய நிம்மதி.

வாங்கிய அன்றே ஐஸ் சோதனை செய்தேன். நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நன்றாகப் பொடித்துப் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, நடுவில் சென்சாரை விட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். சென்சார் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. அந்தக் கலவை 0 டிகிரியில்தான் இருக்கும். ஐஸ் மிச்சம் இருக்கும்வரை சுற்றிலும் இருக்கும் சூடெல்லாம் அதை உருக்குவதிலேயே செலவாகும், வெப்பநிலை ஏறாது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடாக்க அவ்வளவு போதும். 1806-ல் ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர் பாஸ்டனிலிருந்து கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பியபோது ஊரே சிரித்தது. ஆனால் இந்த 334 அவர் பக்கம் இருந்தது. குவியலாக அடுக்கிய ஐஸ் அவ்வளவு சீக்கிரம் உருகாது.

என் லாகர் 0.3 காட்டியது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்றிலும் 0.3. பெட்டியில் 0.5 டிகிரி வரை கூடக்குறைய இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதற்குள்தான் இருக்கிறது. எப்போதும் ஒரே அளவு தவறினால் அது பிரச்சினையே இல்லை, கழித்துக்கொள்ளலாம். ஒருமுறை 0.3, அடுத்த முறை மைனஸ் 0.6 என்று தாவினால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். எங்களுடையது இரண்டு கதவு உள்ளது, ஐஸ் கட்டாத வகை. கதவில் உள்ள திரை எப்போதும் 4 என்றுதான் காட்டும். ஆறு வருடமாக அந்த 4-ஐ நம்பியிருக்கிறோம். லாகரின் ஒரு சென்சாரைக் கதவுத் தட்டில் பால் பாட்டிலுக்குப் பக்கத்திலும், இன்னொன்றை நடுத்தட்டிலும் வைத்தேன். மறுநாள் காலை வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கதவுத் தட்டு 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. மாலையில், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், 11-ஐத் தொட்டிருந்தது. நடுத்தட்டு 6.5. அப்புறம் கீழ்த்தட்டின் பின்பக்க மூலையில் வைத்துப் பார்த்தேன். அங்கே 2.4. ஒரே பெட்டிக்குள் இத்தனை வித்தியாசம்.

ரீஃபர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கண்டெய்னரில் மூன்று எண்கள் உண்டு. நாம் வைக்கச் சொன்ன அளவு செட் பாயிண்ட். இயந்திரத்திலிருந்து புறப்படும் காற்றின் அளவு சப்ளை ஏர். சரக்கையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்றின் அளவு ரிட்டர்ன் ஏர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் எதுவும் பேசக் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜின் திரையில் வருவது பெரும்பாலும் செட் பாயிண்ட் மட்டுமே. பால் இருக்கும் இடத்தில் என்ன நிலைமை என்று அந்தத் திரைக்குத் தெரியாது. இதை அறிந்தவன் என் சொந்த வீட்டில் ஆறு வருடம் அந்த எண்ணை நம்பி என் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றியிருக்கிறேன். அது எனக்கு வருத்தம்தான்.

காரணம் தேடினேன். இரண்டு கிடைத்தது. கதவு ரப்பர் கீழ்மூலையில் வாய் பிளந்திருந்தது. ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது, ஃப்ரீசரிலிருந்து குளிர்க்காற்று கீழே இறங்கும் துளைக்கு நேர் முன்னால் ஒரு பெரிய பாத்திரத்தை நிரந்தரமாக வைத்திருந்தோம். பாத்திரம் இடம் மாறியது, ரப்பரும் மாறியது. ரப்பரை மாற்ற வந்தவர் லாகர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டினால் எங்களுக்கு வேலை பாதியாகக் குறையும்" என்றார். இப்போது நடுத்தட்டு 4-லிருந்து 5-க்குள் நிற்கிறது. கதவுத் தட்டு இன்னமும் 6-க்கு மேல்தான். கதவு என்றால் அப்படித்தான், திறக்கும்போதெல்லாம் அறைக்காற்றில் குளிக்கிறது. பாலை உள்தட்டுக்கு மாற்றினோம். அதன் பிறகு ஒருமுறைகூடத் திரியவில்லை. நிறுவனத்தை மாற்றவும் இல்லை.

காற்று ஓடாத இடத்தில் குளிர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு டனீடன் கப்பல் ஞாபகம் வராமல் இருக்காது. 1882 பிப்ரவரி 15-ல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து கிட்டத்தட்ட 5,000 ஆட்டிறைச்சி உடல்களை உறையவைத்து ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பிய பாய்மரக் கப்பல் அது. பாய் விரித்து ஓடும் கப்பலில் நிலக்கரி எரித்து ஓடும் குளிரூட்டும் இயந்திரம். வெப்ப மண்டலத்தில் காற்று அடங்கிக் கப்பல் நின்றுவிட்டது. அப்போது சரக்கறைக்குள் குளிர்க்காற்று சரியாகச் சுற்றவில்லை என்று தெரிந்தது. கேப்டன் விட்சன் காற்றுக்குழாய்க்குள் தானே ஊர்ந்து போய்க் கூடுதல் துளைகளை அறுத்தார். உள்ளேயே விறைத்துப் போனவரைக் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்துப் பிழைக்க வைத்தார்கள். 98 நாள் பயணம். லண்டனில் இறக்கியபோது ஒரே ஒரு உடல்தான் கழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அர்ஜென்டினாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இறைச்சி போயிருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு நாட்டின் மேய்ச்சல் நிலம் இன்னொரு நாட்டின் சமையலறைக்கு நேராகச் சேவை செய்ய ஆரம்பித்தது. கம்பளிக்காக மட்டும் ஆடு வளர்த்த இடத்தில் இறைச்சிக்காகவும் வளர்த்தார்கள். அந்த நிலத்தின் விவசாயமே மாறியது. என் ஃப்ரிட்ஜில் பாத்திரம் அடைத்துக்கொண்டிருந்ததும், அந்தக் கேப்டன் உயிரைப் பணயம் வைத்து அறுத்துத் திறந்ததும் ஒரே பிரச்சினைதான்.

அடுத்த சோதனை, கடையிலிருந்து வீடு வரை. கடையில் பணம் கட்டியதும் லாகரைத் துணிப்பைக்குள் போட்டு, ஒரு சென்சாரைப் பால் பாட்டிலோடும் இன்னொன்றை உறையவைத்த பட்டாணிப் பொட்டலத்தோடும் ரப்பர் பேண்டால் கட்டினேன். வழியில் மருந்துக் கடையில் நின்றோம், தெரிந்தவர் ஒருவரோடு பேசினோம். வீட்டுக்கு வர 55 நிமிடம். பால் பாட்டிலின் மேற்பரப்பு 5-லிருந்து 13-க்கு ஏறியிருந்தது. பட்டாணிப் பொட்டலம் மைனஸ் 15-லிருந்து மைனஸ் 4-க்கு.

இந்த வரைபடம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏனென்றால் அந்தப் பட்டாணி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பறித்த சில மணி நேரத்துக்குள் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, நிறமும் மணமும் கெடக் காரணமான நொதிகளை முடக்கி, பிறகு கடும் குளிர்க்காற்றில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் சில நிமிடங்களில் உறைகிறது. வேகம்தான் இதில் எல்லாம். மெதுவாக உறைந்தால் உள்ளே இருக்கும் நீர் பெரிய பனிப்படிகமாகி செல்களைக் கிழித்துவிடும். உருக்கும்போது தண்ணீர் கொட்டி, பண்டம் சொதசொதவென்று ஆகிவிடும். வேகமாக உறைந்தால் படிகம் சின்னது, சேதமும் சின்னது. 1910-களில் கனடாவின் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ, அங்கே கடும் குளிரில் பிடித்த உடனே உறைந்துபோகும் மீன் உருக்கிச் சமைத்தாலும் புது மீன்போல இருப்பதைப் பார்த்தார். அதை இயந்திரத்தில் செய்ய வழி கண்டுபிடித்தார். அப்படி உறையவைத்த உணவு 1930-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இன்று பட்டாணி உறைந்த இடத்திலிருந்து கிடங்கு, லாரி, கப்பல், மறுபடி கிடங்கு, கடை என்று எத்தனையோ பேர் மைனஸ் 18-ஐக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு வருகிறார்கள். கடைசி 55 நிமிடம் என் துணிப்பையில் வந்தது. அவ்வளவு பேர் காத்ததை நான் மருந்துக் கடை வாசலில் நின்று இழந்துகொண்டிருந்தேன். இப்போது குளிர் தாங்கும் பையும் இரண்டு ஐஸ் பொட்டலமும் எடுத்துப் போகிறேன். குளிர்ச்சியானவற்றைக் கடைசியாக எடுக்கிறேன், நேராக வீட்டுக்கு வருகிறேன். அதே தூரத்தில் பட்டாணி மைனஸ் 12-க்கு மேல் ஏறவில்லை.

கடைகளில் திறந்த ஃப்ரீசர் தொட்டியின் உள்சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே குவித்து வைத்த பொட்டலம் குளிர்க்காற்றின் திரைக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். அதை எடுக்காதீர்கள். பொட்டலத்துக்குள் கையில் உதிரும் அளவுக்குப் பனித்தூள் இருந்தாலும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தாலும், அது வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் தப்பாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரீஃபர் கண்டெய்னர் சரக்கைக் குளிர வைக்கும் என்று துறைமுகத்துக்கு வரும் பலரே நினைப்பார்கள். இல்லை. அது ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கும், அவ்வளவுதான். தரையில் தண்டவாளம்போல நீள நீளமாக அலுமினியப் பள்ளங்கள் இருக்கும். குளிர்க்காற்று அதன் வழியே அடியில் ஓடி, பெட்டிகளுக்கு நடுவே மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பும். வயல் சூட்டோடு பழத்தை ஏற்றிவிட்டால் அந்தக் காற்று பல நாள் போராடினாலும் நடுவில் இருக்கும் பெட்டி ஆறாது. அதனால்தான் பறித்த இடத்திலேயே வயல் சூட்டை எடுக்கிறார்கள். சிலவற்றைக் குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். லெட்டியூஸ் போன்ற கீரைகளை ஒரு பெரிய அறைக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். அழுத்தம் குறைந்ததும் இலையில் இருக்கும் நீரில் கொஞ்சம் ஆவியாகி, அரை மணி நேரத்துக்குள் மொத்தமும் குளிர்ந்துவிடுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதே கதைதான். சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தபோது லாகர் காட்டியது: பக்கத்துத் தட்டு 4-லிருந்து 9-க்குப் போய், பழைய நிலைக்கு வர 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்தபோது ஏற்றம் பாதிகூட இல்லை.

காய்கறிகளும் பழங்களும் பறித்த பிறகும் உயிரோடு இருக்கின்றன. மூச்சு விடுகின்றன, சூடு வெளியிடுகின்றன. 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். குளிர் செய்வது இந்த மூச்சை மெதுவாக்குவதைத்தான். 1920-களில் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் குளிரோடு சேர்த்துக் காற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். ஆக்சிஜனைக் குறைத்து கார்பன் டைஆக்சைடைக் கூட்டினால் ஆப்பிள் இன்னும் ஆழ்ந்து தூங்கியது. இன்றைய பெரிய ஆப்பிள் கிடங்குகளில் வெளியே 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 1 முதல் 3 சதவீதம் வரைதான். நீங்கள் கடையில் வாங்கும் மொறுமொறு ஆப்பிள் பல மாதம் முன்பு பறித்ததாக இருக்கலாம். இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றுவேலை என்று கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பருவத்தில் விளைந்து குவிவதை ஆண்டு முழுவதற்கும் பிரித்துத் தருகிறது அந்த அறை. விளைவித்தவர் ஒரே வாரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. நமக்குப் போனது பருவம் என்ற உணர்வு. என் மகளுக்கு ஆப்பிள் எந்த மாதத்தில் காய்க்கும் என்று தெரியாது. அவளுக்கு அது கடையில் எப்போதும் இருக்கும் பொருள்.

வாழைப்பழம் வேறு மாதிரி. பச்சையாகவே வெட்டி 13, 14 டிகிரியில் கப்பலேற்றுவார்கள். 12-க்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துவிடும், பிறகு சரியாகப் பழுக்காது. வந்து சேர்ந்ததும் மூடிய அறையில் பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயு கொடுத்துத் தட்டி எழுப்புவார்கள். ஒருமுறை இரவுப் பணியில் ஒரு வாழைக் கண்டெய்னரின் செட் பாயிண்ட் 13.5-க்குப் பதில் 1.5 என்று பதிவாகியிருந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு 3 விடுபட்டிருந்தது. ஏற்றி 40 நிமிடம்தான் ஆகியிருந்தது, மாற்றிவிட்டோம். கவனிக்காமல் விட்டிருந்தால் 1,000 பெட்டிக்கு மேல் குப்பைக்குப் போயிருக்கும். அந்த நினைப்பு இன்றும் எனக்கு இருக்கிறது.

ஆகவே குளிர்ந்தால் நல்லது என்று எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் திணிக்காதீர்கள். தக்காளி குளிரில் மணத்தை இழக்கிறது. உருளைக்கிழங்கு 6 டிகிரிக்குக் கீழே போனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரித்தால் கறுக்கிறது. ரொட்டி ஃப்ரிட்ஜில் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும். ஃப்ரீசரில் வையுங்கள், நன்றாக இருக்கும். எங்கள் காய்கறி டிராயரில் லாகர் 6-க்கும் 7-க்கும் நடுவே காட்டியது. அங்கே முக்கியம் ஈரப்பதம். இந்தக் கருவி அதை அளக்காது. இது ஒரு குறைதான்.

ஃப்ரீசரில் வைத்த முதல் நாள் வரைபடத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மைனஸ் 18-ல் சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு 10 மணி நேரத்துக்கு ஒருமுறை மைனஸ் 9 வரை குதித்தது. ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜில் குளிர்ச்சுருளில் படிந்த உறைபனியை உருக்க ஒரு ஹீட்டர் தானாக ஓடும். குதிப்பது காற்றுதான், உள்ளே இருக்கும் பண்டம் அதற்குள் சூடேறாது. உண்மையான நிலைமை தெரிய வேண்டுமானால் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் சின்ன கிளிசரின் புட்டிக்குள் விடுங்கள். ஃப்ரிட்ஜுக்கு வெறும் தண்ணீர்ப் புட்டி போதும். அப்படி வைத்ததும் கோடு அடங்கி மைனஸ் 17-க்கும் 18-க்கும் நடுவே வந்துவிட்டது. இந்த மைனஸ் 18 ஏதோ இயற்கை விதி இல்லை. ஃபாரன்ஹீட் அளவில் அது 0, அவ்வளவுதான். மைனஸ் 15 போதுமா, அதில் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று 2023 முதல் கப்பல், கிடங்கு நிறுவனங்கள் கூட்டாகப் பேசி வருகின்றன. வீட்டில் நான் மாற்றவில்லை.

ஒரு நாள் மின்சாரம் 5 மணி 40 நிமிடம் நின்றது. கதவைத் திறக்கவே விடவில்லை நான். ஃப்ரிட்ஜ் பகுதி 4-லிருந்து 10-க்கு வந்தது, நிறைந்திருந்த ஃப்ரீசர் மைனஸ் 13-ல் இருந்தது. மூடியே வைத்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வதோடு இது ஒத்துப்போனது. இறைச்சியையும் திறந்த பாலையும் வெளியேற்றினோம், மற்றவை தப்பின. முன்பெல்லாம் முகர்ந்து பார்த்து முடிவெடுப்போம். அது ஆபத்து. நோய் தரும் கிருமிகள் பல நேரம் நாற்றம் தராது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரியில்கூட மெதுவாகப் பெருகும். அதனால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்பதாலேயே எதுவும் வாரக்கணக்கில் பத்திரம் இல்லை.

லாகர் வந்த உற்சாகத்தில் ஃப்ரிட்ஜை 1 டிகிரிக்கு இறக்கினேன். இரண்டே நாளில் பின்பக்கம் இருந்த கீரை உறைந்து கண்ணாடிபோல ஆனது, கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடியது. திரும்ப 4-க்கு வைத்துவிட்டேன். குளிருக்கும் விலை உண்டு. ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கிறது, அதாவது ஐசோபியூட்டேன் என்ற குளிரூட்டும் வாயு. 1834-ல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை வாங்கிய அதே சுழற்சிதான், அமுக்கு, குளிரவை, விரியவிடு, ஆவியாக்கு. ஆனால் உள்ளே ஓடும் வாயு எத்தனையோ முறை மாறிவிட்டது. 1920-களின் முடிவில் தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கிய ஃபிரியான் நஞ்சில்லாதது, தீப்பிடிக்காதது என்று வீட்டுக்கு வீடு நுழைந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதை 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், 1987-ல் அவ்வகை வாயுக்களைக் குறைக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அடுத்து வந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்கின, 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அவற்றையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். பழைய ஃப்ரிட்ஜைக் கழிக்கும்போது குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுபவர்களிடம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

குளிர் இல்லாததற்கும் விலை உண்டு. ஐநா-வின் உணவு வேளாண் அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் 2022-ல் தந்த அறிக்கை, சரியான குளிரூட்டல் இல்லாததால் 2017-ல் மட்டும் 52.6 கோடி டன் உணவு வீணானது, அது உலக உற்பத்தியில் 12 சதவீதம் என்கிறது. விளைவிக்கச் செலவான நீர், உரம், உழைப்பு எல்லாம் அதோடு போனது. இத்தனை கண்டெய்னர்களுக்கு என் கையால் மின் இணைப்பைச் சொருகிக் கழற்றிய பிறகு, குளிர் ஒரு சொகுசு என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். நேரத்தைக் கணினியில் செருகித்தான் மாற்ற முடியும். எனக்கு வந்தபோது அது வேறு ஏதோ நாட்டு நேரத்தில் இருந்தது, முதல் நாள் வரைபடத்தில் நடுராத்திரியில் யார் கதவைத் திறந்தது என்று குழம்பினோம். ஃப்ரீசருக்குள் முழுக் கருவியையும் வைத்தால் திரை மங்கி எழுத்துகள் மெதுவாக நகர்கின்றன, பேட்டரியும் சீக்கிரம் தளர்கிறது. உடம்பை வெளியே வைத்து ஒயர் சென்சாரை மட்டும் உள்ளே விடுங்கள். பட்டன் பைக்குள் தானாக அமுங்கி ஒருமுறை பதிவு நின்றுபோனது, அதன் பிறகு டேப் ஒட்டிவிட்டேன். எல்லை தாண்டினால் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்குகிறது, சத்தம் இல்லை. காது கேட்கும் அலாரம் உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள். வைஃபை உள்ளதற்குக் கூடுதல் செலவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். ஃப்ரிட்ஜின் உலோகச் சுவருக்குள் சிக்னல் தடுமாறும். வெளிச் சென்சார் இல்லாததை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

இதே கருவி போதுமா என்று கேட்டால், போதும் என்பேன். இரண்டு வாரம் வைத்துப் பார்த்தாலே உங்கள் ஃப்ரிட்ஜின் குணம் தெரிந்துவிடும். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை போதும், மற்ற நாட்களில் கடன் கொடுக்கலாம். எங்களுடையது இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. "0.3 கழிக்கவும்" என்று எழுதி முதுகில் ஒட்டிக் கொடுத்தேன். நேற்று இரவு முதல் வரைபடம் வந்தது. அவர்கள் திரையிலும் 4-தான். கதவுத் தட்டில் 8.6. ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தோடு அவர்கள் கதவு ரப்பரைச் சோதிக்கப் போகிறேன்.